இரண்டு நாளில் டெட்ராயிட்: கலையை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராயிட்டைச் சுற்றியுள்ள டிராய், நோவி, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் டெட்ராயிட் நகருக்குள் போவதென்றால் ஒரு மேட்ச் பார்க்க, இல்லாவிட்டால் பாலம் தாண்டி கனடா போக. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா, சிகாகோ. அரைமணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஊரை நெடுஞ்சாலையிலிருந்தே கைகாட்டிவிடுவோம்.

1950-ல் இந்த நகரில் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். ஆலை, வீடு, மாதாகோவில், ரயில் பாதை என்று காலியாகிப் போனவை ஏராளம். அப்படி மிஞ்சியதையே கையில் எடுத்து வேலை செய்த கலைஞர்கள்தான் இங்கே அதிகம். ஆகவே எதன் முன்னால் நின்றாலும் ஒரு கேள்வி போதும்: இது எதால் செய்தது, அந்தப் பொருள் முன்பு என்னவாக இருந்தது? கலை வரலாறு படிக்காதவர்களுக்கும் இந்தக் கேள்வி கைகொடுக்கும்.

கிளம்பும் முன்

மே முதல் அக்டோபர் வரை போங்கள். பார்க்க வேண்டியதில் பாதி திறந்தவெளியில் இருக்கிறது. ஜனவரியில் போனால் பனி மூடிய மேடுகளைத்தான் பார்ப்பீர்கள். ஜூன் கடைசியில் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறையும் என்பதால் மாலை நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

திங்கட்கிழமை வேண்டாம். பெரிய அருங்காட்சியகம் மூடியிருக்கும், சிறிய காலரிகள் பலவும் வாரத்தில் மூன்று நான்கு நாள்தான் திறக்கும். சனி, ஞாயிறுதான் சரி. தற்காலக் கலை அரங்குகளில் ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்ற இரண்டு மூன்று வாரம் கதவடைப்பது வழக்கம். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். முதல் நாள் இரவே அவரவர் இணையதளத்தில் 'நடப்புக் கண்காட்சி' என்ற பக்கத்தைப் பாருங்கள். கூகுள் மேப் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்ப வேண்டாம்.

கார் கட்டாயம். நகரின் பரப்பு சுமார் 139 சதுர மைல். இரண்டு இடங்களுக்கு நடுவே ஆளில்லாத மனைகள் வரிசையாக வரும். மேப்பில் பக்கத்தில் தெரிவதை நடந்து போய்விடலாம் என்று இறங்கினால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். விதிவிலக்கு வுட்வர்ட் அவென்யூ ஒன்றுதான். அங்கே கியூலைன் டிராம் டவுன்டவுனுக்கும் கிராண்ட் புலவார்டுக்கும் இடையே இலவசமாக ஓடுகிறது. காரை விட்டுப் போகும்போது சீட்டில் பை, லேப்டாப் எதுவும் கண்ணில் படக் கூடாது. எந்தப் பெரிய ஊருக்கும் உள்ள எச்சரிக்கைதான், டெட்ராயிட்டுக்கென்று தனியாகப் பயப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள் காலை: ரிவேரா அரங்கு

தொடக்கம் டிஐஏ என்கிற டெட்ராயிட் கலைக் கழக அருங்காட்சியகம், 5200 வுட்வர்ட். வெய்ன், ஓக்லண்ட், மெக்கோம்ப் கவுன்ட்டிவாசிகளுக்கு நுழைவு இலவசம். 2012-ல் சொத்துவரியோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்ட அந்த மக்கள் வாக்களித்ததன் பலன் இது. முகவரி உள்ள அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். ஆன் ஆர்பர்காரர்கள் வாஷ்டனா கவுன்ட்டி என்பதால் டிக்கெட் எடுக்க வேண்டும். வெளியூர் விருந்தாளிகளுக்கும் அப்படியே.

உள்ளே போனதும் வான் கோ எங்கே என்று தேடாமல் நேரே ரிவேரா அரங்குக்குப் போங்கள். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33-ல் 27 பகுதிகளாக நான்கு சுவரிலும் வரைந்தது. பணம் ஃபோர்டு குடும்பத்து எட்செல் ஃபோர்டு கொடுத்தது. பொருள் ஃபோர்டின் ரூஜ் ஆலை. முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலோர் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, செல்ஃபி எடுத்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வடக்குச் சுவர். 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சினும் கியர்பாக்ஸும் உருவாகும் காட்சி. கண்ணை உலைத் தீயில் வைத்து, கன்வேயர் போகும் வழியிலேயே கீழே இறக்குங்கள். இருபுறமும் நிற்கும் துளையிடும் இயந்திரங்கள் மெக்சிகோவின் பழைய கல் காவலர் சிலைகள் மாதிரி வரிசை கட்டி நிற்கும். பவர்டிரெயின் (எஞ்சின், கியர்பாக்ஸ்) வேலையில் இருப்பவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரை விளக்கச் சொல்லுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார்.

பிறகு திரும்பி தெற்குச் சுவர். இங்கே பாடி தகடுகள் அடிபட்டு, பற்றவைக்கப்பட்டு, முழுக் காராகக் கோக்கப்படுகின்றன. வலப்பக்கம் நிற்கும் பெரிய ஸ்டாம்பிங் பிரஸ்ஸை நன்றாகப் பாருங்கள். அஸ்டெக் மக்களின் கோவாட்லிக்வே என்ற தாய்த் தெய்வத்தின் உருவத்தை ரிவேரா அந்த இயந்திரத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். உயிர் கொடுப்பதும் பலி கேட்பதும் அதே தெய்வம். நம் ஊர் எல்லையம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்து, தயாராகி முடிந்த காரைத் தேடுங்கள். இவ்வளவு பெரிய சுவரில் அது ஒன்றே ஒன்று, அசெம்பிளி லைன் கடைசியில் கட்டைவிரல் நகம் போலச் சிவப்பாகத் தெரியும். குழந்தைகளிடம் இந்தத் தேடலை விட்டுவிட்டால் பத்து நிமிடம் சத்தமில்லாமல் இருப்பார்கள். ஃபோர்டு காசில் வரைந்த சுவரில் காரை இத்தனை சின்னதாக்கி ஆட்களை இத்தனை பெரிதாக்கியதுதான் ரிவேரா செய்த வேலை.

சுவர்களின் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடும் சிறு கட்டங்களை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தொழிலாளியின் ஒரு நாள் அது: கார்டு பஞ்ச் செய்து உள்ளே போவதிலிருந்து ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவது வரை. வடக்குச் சுவரின் மேல் வலது மூலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் காட்சியையும் விடாதீர்கள். ஏசு பிறப்புக் காட்சி மாதிரி அமைந்ததால் 1933-ல் திறந்தபோதே பெரிய ரகளையாயிற்று. வெள்ளையடித்து அழிக்கச் சொன்னார்கள். எட்செல் ஃபோர்டு அசைந்து கொடுக்கவில்லை.

இது ஈரச் சுண்ணப் பூச்சில் வரைந்த ஃப்ரெஸ்கோ. பூச்சு காய்வதற்குள் நிறமிட்டாக வேண்டும், ஒரு நாளுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். கீழ்ப்பகுதியில் பக்கவாட்டில் நின்று, உருவங்களின் ஓரத்தைக் கவனித்தால் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவிலான ஒட்டு சில இடங்களில் மெல்லிய கோடாகத் தெரியும். ஃபிளாஷ் போட வேண்டாம்.

2013-ல் நகராட்சி திவாலானபோது இந்த அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது, ஏனெனில் சொத்து நகரத்தின் பெயரில் இருந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் திரட்டி, நகரத் தொழிலாளர் பென்ஷனுக்குக் கொடுத்து, ஓவியங்களை ஒரு தனி அறக்கட்டளை அமைப்பின் பெயருக்கு மாற்றின.

மற்ற கூடங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பின்புறத் தெருவில் ஸ்கேரப் கிளப் என்ற பழைய கலைஞர் சங்கம். 1928-ல் கட்டியது. மாடிக் கூடத்தின் கூரை உத்திரங்களில் வந்துபோன கலைஞர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ரிவேராவின் கையெழுத்து அங்கே இருக்கிறது, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்பின் கையெழுத்தும். இருபது நிமிடம் போதும்.

மதியம்: மோகாட், பிறகு பாசிமணிகள்

வுட்வர்டிலேயே தெற்கே பத்து நிமிட நடை, மோகாட் என்னும் தற்காலக் கலை அரங்கு. கார் விற்பனைக் கூடமாக இருந்த கட்டடம், 2006-ல் கலைக்குத் திறந்தது. சுவரை மெழுகிப் பளபளப்பாக்காமல் விட்டிருப்பதே இதன் அழகு. கண்காட்சி பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பின்னால் நிற்கும் வெள்ளை வீட்டைப் பார்க்காமல் வராதீர்கள். கலைஞர் மைக் கெல்லி வெஸ்ட்லேண்ட் புறநகரில் தான் வளர்ந்த வீட்டின் நகலைச் செய்துவைத்தது. முகப்பைத் தனியே கழற்றி டிரெய்லரில் ஏற்றலாம்; 2010-ல் அதை உண்மையிலேயே வெஸ்ட்லேண்ட் வரை ஓட்டிப் போனார்கள். தரைக்குக் கீழேயும் அறைகள் உண்டு, பொதுமக்களுக்கு அனுமதியில்லை. கேன்டன் சப்டிவிஷன் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு 'இதில் என்ன இருக்கிறது, நம்ம தெரு வீடு மாதிரிதானே' என்று தோன்றும். தோன்ற வேண்டியதும் அதுதான்.

அடுத்து காரில் பத்து நிமிடம்: கிராண்ட் ரிவர் அவென்யூவும் வெஸ்ட் கிராண்ட் புலவார்டும் சந்திக்கும் இடத்தில் கலைஞர் ஒலயாமி டாப்ல்ஸ் உருவாக்கிய ஆப்பிரிக்கப் பாசிமணி அருங்காட்சியகம். தூரத்திலேயே தெரியும், சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லும் வண்ணமும். வெளிமனையில் இருக்கும் படைப்பின் பெயர், தமிழில் சொன்னால், 'இரும்பு பாறைக்குத் துருப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது'. இரும்பு ஐரோப்பியர், பாறை ஆப்பிரிக்கர். பாறைக்குத் துருப்பிடிக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள், சிரிப்பு தானாக வரும். தரையில் இரும்புத் துண்டும் கண்ணாடியும் கிடக்கும், செருப்பு வேண்டாம், மூடிய ஷூ.

மாலை: ஈஸ்டர்ன் மார்க்கெட்

சனிக்கிழமை காலையில் சுவரோவியம் பார்க்க இங்கே வருவது வீண். சந்தை நாள், ஓவியத்துக்கு முன்னால் தக்காளி லாரி நிற்கும், பார்க்கிங்கும் கிடைக்காது. சந்தை கலைந்தபின் மாலை 5 மணிக்கு வாருங்கள். 2015-ல் தொடங்கிய சுவரோவிய விழாவால் கிடங்குச் சுவர்கள் நிறைந்திருக்கின்றன. இணையத்தில் பார்த்த படம் நேரில் இல்லாமல் போகலாம்: கட்டடம் கைமாறும், மேலே வேறொருவர் வரைவார். முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்சி 2010-ல் பேக்கர்ட் கார் ஆலையின் இடிபாட்டில் வரைந்ததை உள்ளூர் காலரி ஒன்று சுவரோடு பெயர்த்தெடுத்து வந்தது, 2015-ல் அது 1,37,500 டாலருக்கு ஏலம் போனது. அந்த ஆலையையும் இடித்துவிட்டார்கள். ஆகவே பழைய பட்டியலைக் கையில் வைத்துத் தேடாமல் சந்துக்குள் நடங்கள்.

அங்கிருந்தே 'டெக்குவிண்டர் கட்' என்ற இடத்துக்குள் இறங்கலாம். பழைய கிராண்ட் டிரங்க் ரயில் பாதை, தெரு மட்டத்துக்குக் கீழே பள்ளமாக ஓடுகிறது. 2009-லிருந்து நடைபாதை. ஆற்றங்கரை வரை சுமார் 2 மைல். மேலே போகும் தெருப்பாலங்களின் கான்கிரீட் தூண்களில் கிராஃபிட்டி. திரும்பி வரவும் அதே தூரம் என்பதை அப்பா அம்மாவோடு போகிறவர்கள் நினைவில் வையுங்கள். பாதி வழியில் திரும்பினாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் நாள்: ஹைடல்பர்க் தெரு

காலையிலேயே போங்கள். டைரி கைட்டன் என்ற கலைஞர் தன் தாத்தாவோடு 1986-ல் தொடங்கிய திறந்தவெளிக் கலைப்படைப்பு இது. தெருவில் வீசப்பட்ட ஷூ, பொம்மை, தொலைபேசி, கார் கதவு எல்லாம் காலிமனையிலும் வீட்டிலும் ஏறின. வீடுகள் மேல் பெரிய வண்ணப் பொட்டுகள். 1991-லும் 1999-லும் நகராட்சியே புல்டோசர் விட்டு ஒரு பகுதியை இடித்தது. 2013-14-ல் அடுத்தடுத்துத் தீவைப்பு, பல வீடுகள் சாம்பலாயின. மிஞ்சியதைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் அடித்தளம் மட்டும் நிற்கிற இடங்களையும் பாருங்கள். என்ன நின்றது, யார் எடுத்தது என்பதும் அந்தப் படைப்பில் சேர்த்திதான்.

இங்கே முறை தெரிந்து நடக்க வேண்டும். அது குடியிருப்புத் தெரு. பொட்டு வைக்காத வீடுகளில் மட்டுமல்ல, வைத்த வீட்டிலும் ஆள் இருக்கலாம். படியேறாதீர்கள், ஜன்னல் வழியே பார்க்காதீர்கள், ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். குப்பை மாதிரி தெரியும் எதையும் நினைவுப் பொருளாக எடுத்துவராதீர்கள். காரை ஓரமாக விட்டு இறங்கி நடங்கள்; காருக்குள் இருந்தபடி ஊர்ந்து வேடிக்கை பார்ப்பது அங்கிருப்பவர்களுக்குப் பிடிக்காது. இதே காரணத்துக்காகத்தான் கைவிட்ட ஆலைகளுக்குள் ஏறிப் படம் பிடிக்கும் ஆசையும் வேண்டாம். அத்துமீறல் வழக்கு ஒருபுறம், உளுத்த தளம் மறுபுறம். விசாவில் இருப்பவர்களுக்கு முதலாவதே போதும்.

அடுத்து ஹாம்ட்ராமிக், டெட்ராயிட்டுக்கு நடுவே தனி நகராட்சி. ஜிஎம்மில் வேலை செய்து ஓய்வுபெற்ற உக்ரேனியர் டிமித்ரோ ஷிலாக் 1990-களில் தன் வீட்டுக் கொல்லையில், கராஜ் கூரை மேல் கட்டிய 'ஹாம்ட்ராமிக் டிஸ்னிலேண்ட்' அங்கே இருக்கிறது. காற்றாடி, மரச் சிப்பாய், விமானம், குதிரை. கிளிங்கர் தெருவில் வீட்டு முன்புறம் நின்றால் ஒன்றும் தெரியாது. பின்பக்கச் சந்துக்குள் போங்கள். கால் மணி நேரம். காற்று அடிக்கிற நாளாக வாய்த்தால் அதிர்ஷ்டம். மதிய உணவு அங்கேயே: வங்காளதேசக் கடைகளும் யேமன் கடைகளும் நிறைய, பிரியாணிக்குப் பஞ்சமில்லை.

வாங்குவதானால்

சிறிய காலரிகளில் விலைப் பட்டியல் மேசையில் இருக்கும், இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு என்றால் விற்றாயிற்று. அச்சோவியத்தின் கீழே 12/50 என்று இருந்தால் ஐம்பது பிரதியில் பன்னிரண்டாவது. அந்த எண்ணோடு கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சிகன் விற்பனை வரி 6 சதவீதம் தனி.

ஊருக்குக் கொண்டுபோக ஏற்றது ஈஸ்ட் ஜெஃபர்சனில் உள்ள பெவாபிக் மண்பாண்டக் கூடத்து அலங்கார ஓடு (டைல்). 1903-ல் மேரி சேஸ் பெர்ரி தொடங்கியது, இன்றும் சூளை எரிகிறது. எண்ணெய்ப் படலம் போல நிறம் மாறும் மெருகு அவர்களின் அடையாளம். கடைக்குள் விளக்கடியில் ஒரு மாதிரியும் ஜன்னலோரம் வேறு மாதிரியும் தெரியும் என்பதால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபின் வாங்குங்கள். பெட்டியில் வைக்கும்போது படுக்கப் போடாதீர்கள். மேலே கனம் விழுந்தால் நடுவில் விரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியே துணியில் சுற்றி, விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி, இருபுறமும் துண்டு செருகுங்கள். ஒன்றிரண்டு என்றால் கைப்பையே நல்லது.