'குறைச்சுட்டேன்' என்றால் விட்டதாக ஆகாது: பிளாஸ்டிக் சர்ஜரியும் புகையும்

போன வாரம் எங்கள் முதுநிலை மாணவி எழுதிய ஒரு கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். தொங்கும் வயிற்றுத் தோலை எடுத்துவிட வேண்டும் என்று வந்தவர், வயது 41. புகைப்பழக்கம் என்ற இடத்தில் 'குறைத்துவிட்டார்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே ஆபரேஷன் தேதி. பல வருடங்களுக்கு முன்னால் இதே சொல்லை இதே இடத்தில் நானும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. ஆபரேஷன் அன்று காலையில் பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

குறைத்ததை விட்டதாக எடுத்துக்கொள்வது

அன்று நான் அப்படி எழுதிய நோயாளி லேத் பட்டறை வைத்திருந்தார். 110 கிலோவிலிருந்து 75க்கு இறங்கியிருந்தார். எடை போய்விட்டது, தோல் மட்டும் மடிந்து தொங்கியது. "நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிச்சவனுங்க சார். இப்ப ரெண்டே ரெண்டுதானுங்க. குறைச்சுட்டேன்" என்றார். மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினார். மூன்று மாதத்தில் தங்கச்சி கல்யாணம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். சரி என்று தேதி கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது, தொப்புளுக்குக் கீழே தையலை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ஊதா நிறமாக இருந்தது. பத்தாம் நாள் அது கறுத்து, தொட்டால் தோல்செருப்பு மாதிரி ஆகிவிட்டது. செத்த பகுதியை வெட்டி எடுத்தோம். திறந்த புண்ணுக்கு இரண்டரை மாதம் டிரெஸ்ஸிங், பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறும்போது அவர் வயிற்றுக் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பட்டறையைப் பார்க்க ஆள் இல்லாமல் இரண்டு பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின.

இது ஏன் நடக்கிறது? குடல்வால் ஆபரேஷனில் கீறித் தைக்கிறோம், தோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "அப்பவும் பிடிச்சுட்டுதான் இருந்தேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. வயிற்றுத் தோல் ஆபரேஷனில் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரைக்கும் பிரித்து, கீழே இழுத்துத் தைக்கிறோம். தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் ரத்தக் குழாய்கள் பலவற்றை அறுக்காமல் இதைச் செய்ய முடியாது. அப்புறம் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வருகிற ரத்தம்தான் மிச்சம். தையலுக்கு மேலே இருக்கும் நடுப்பகுதிதான் அதற்குக் கடைமடை. அணையில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அதாவது வாய்க்காலே குறுகிவிடுகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, வந்து சேரும் கொஞ்ச ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு. போதாததற்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு நுண்குழாய்களை அடைக்கின்றன. இரண்டே சிகரெட் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் குழாய் மறுபடி சுருங்குகிறது. நேற்று இருபது பிடித்தாரா என்று அது கணக்குப் பார்ப்பதில்லை.

முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனில், புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் ஆபத்து சுமார் 12 மடங்கு என்று 1984இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. மாணவனாக இருந்தபோதே அதைப் படித்தவன் நான். தெரியாமல் செய்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கல்யாணத் தேதியைச் சொல்லிக் கேட்கிறவரிடம் 'தள்ளிப் போடலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் உள்ளே இருந்தது. இளம் டாக்டர்களிடம் இன்றைக்கும் அதே பயத்தைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இது உயிர் காக்கும் அவசர ஆபரேஷன் இல்லை. ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் அந்த வயிறு அங்கேதான் இருக்கும்.

இப்போது என் கணக்கு இதுதான்: முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம், ஒன்றுகூடக் கிடையாது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். ஆனால் புண்ணை ஆற்றும் செல்களும் கிருமியை எதிர்க்கும் செல்களும் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். டென்மார்க்கில் தன்னார்வலர்களுக்குச் சிறு கீறல் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. புகைத்தவர்களின் புண்களில் 100க்கு 12இல் கிருமித் தொற்று, புகைக்காதவர்களிடம் 100க்கு 2. நான்கு வாரம் விட்டவர்களிடம் தொற்று நன்றாகக் குறைந்திருந்தது.

'சிகரெட் பிடிப்பீங்களா?' என்று மட்டும் கேட்பது

இல்லை என்பார். பீடியைக் கேட்கவில்லையே! ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹூக்கா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மெல்லும் புகையிலையில் புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் இருக்கிறது.

இன்னொன்று, தனியாகக் கேளுங்கள். மார்பு வீக்கத்தைக் குறைத்துக்கொள்ள வரும் 22 வயதுப் பையன், அப்பா பக்கத்தில் நிற்கும்போது உண்மையைச் சொல்லவே மாட்டான். சிறுநீரில் கொட்டினின் (உடலுக்குள் நிக்கோட்டின் மாறி உண்டாகும் பொருள்) பரிசோதனை செய்தால் முந்தைய சில நாட்களின் நிக்கோட்டின் தெரிந்துவிடும். அதைப் பொய்யைப் பிடிக்கும் வேலையாக ஆக்காமல், எல்லாருக்கும் செய்வது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மின்சிகரெட்டுக்கு மாறிக்கொள்வது

அதிலும் நிக்கோட்டின்தான். தவிர, 2019 முதல் இந்தியாவில் அதற்குத் தடை.

நிக்கோட்டின் சூயிங்கத்தை ஆபரேஷன் வரைக்கும் மெல்வது

விடுவதற்கு அது நல்ல துணை, புகையைவிட எவ்வளவோ மேல். அதனால் சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள். தோலைப் பிரித்துத் தைக்கும் ஆபரேஷன் என்றால், கடைசி 4 வாரம் அதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன். நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356.

வார்டுக்கு வரும் சொந்தக்காரர்களை மறப்பது

பவர் பிரஸ்ஸில் துண்டான விரலை ஒட்டவைக்கும்போது 4 வாரம் காத்திருக்க வழியில்லை. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குழாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மணிக்கணக்கில் தைக்கிறோம். மூன்றாம் நாள் மச்சான் வந்து, பாவம் பழக்கம் தாங்காது என்று பாத்ரூமுக்குள் கூட்டிப் போய் ஒன்று பற்ற வைத்துக் கொடுக்கிறார். சாயங்காலம் விரல் வெளுத்துச் சில்லிட்டுக் கிடக்கிறது. நோயாளியிடம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கூட இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

மாணவியின் கேஸ் ஷீட்டில் அந்தத் தேதியை அடிக்கச் சொன்னேன். நோயாளியிடம் அவரே பேசினார். "லீவு போட்டாச்சே மேடம்" என்று அவருக்கு வருத்தம், முகம் கொடுக்காமல் எழுந்து போனார். நேற்று போன் செய்து, சிறுநீர்ப் பரிசோதனைக்கு எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டிருக்கிறார்.