சிங்கப்பூரில் அறை தேடும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு

நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போவது புதிய வழக்கமல்ல. கடையநல்லூர், தென்காசி மக்கள் ஒரு காலத்தில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் திரளாக வாழ்ந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் அங்கே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவினார்கள். ஆகவே இறங்கிய முதல் வாரத்திலேயே ஊர்க்காரர் யாராவது அகப்பட்டுவிடுவார்.

வேலை அனுமதி, மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு போன்றவற்றை நிறுவனமே வழிகாட்டி முடித்துத் தரும். அறையைப் பெரும்பாலும் நாமேதான் தேட வேண்டும். கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த என் நண்பர் ஏமாந்தது அதில்தான்.

பாளையங்கோட்டையில் தெரிந்தவர் ஒருவர் சொன்னாலே வீடு கிடைக்கும். அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, 11 மாத ஒப்பந்தத்தைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். அதே வழக்கத்தில் நண்பர், அம்பாசமுத்திரத்துக்காரர் என்று சொன்ன ஒருவரிடம் ஒரு மாத வாடகையை முன்பணமாக ரொக்கத்தில் கொடுத்து, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடு ஒன்றின் அறையில் குடியேறினார். பணம் வாங்கியவர் உரிமையாளர் அல்லர். முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர். அப்படி எடுத்தவர் அறைகளை மறுவாடகைக்கு விட வீவக அனுமதிப்பதில்லை. உரிமையாளர் ஒருநாள் வந்து பார்த்ததும் அனைவரும் வெளியேற வேண்டியதாயிற்று. "நான் இருக்கேன்லா அண்ணாச்சி, கவலப்படாதிய" என்று சொன்னவர் அதற்குப்பின் கைப்பேசியையே எடுக்கவில்லை. ஊர்ப்பெயரைச் சொல்லிப் பணம் பறித்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

எனவே உரிமையாளரை நேரில் பார்த்து, வீவக கொடுத்த அனுமதியில் உங்கள் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வீவக வீட்டை ஆறு மாதத்திற்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. இரண்டு மாதத்திற்குத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். வீவக வீட்டு வாடகைப் பணத்தைச் சொத்து முகவர் கையால் தொடுவதற்கே சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான், மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் ஓராண்டுக்கு ஏறத்தாழ 38 வெள்ளி. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தாள்கள் சரியாக இருந்தால், இரண்டாண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை வழக்குகளை 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம்.

அந்த நகரத்தின் ஒழுங்கை நான் மனமாரப் போற்றுகிறேன். உணவங்காடியில் மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால், எவ்வளவு கூட்டத்திலும் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார மாட்டார். நம் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்கு நடக்கும் சண்டையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. சாப்பிட்டு முடித்த முதியவர்களும் தட்டைத் தாங்களே எடுத்துச் சென்று வைக்கிறார்கள்.

ஆனாலும் அங்கேயே தங்கிவிட எனக்கு விருப்பமில்லை. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் மரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பொங்கலிடும்போது, முன்பின் பார்த்திராத ஒரு பாட்டி தோளைத் தொட்டு, "நீ யாரு மவன்?" என்று கேட்பாள். அப்பா பெயரைச் சொன்னதும் மூன்று தலைமுறைக் கதையையும் சொல்லி, இலையில் சோற்றை வைப்பாள். அந்த உறவுக்குள்தான் நான் வயதாக விரும்புகிறேன். அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் வாழ்க்கை எனக்கு ஒட்டவில்லை.

உங்களுக்கும் அப்படித் தோன்றி ஊர் திரும்ப முடிவெடுத்தால், முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லுங்கள். வருமான வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள். அறை வாடகைக்கும் விமானச் சீட்டுக்கும் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டும்.