வாடகை அப்பார்ட்மென்டில் கைவேலை: எதை நீங்கள் செய்யலாம், எதை விடலாம்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு ஸ்காபரோவில் ஏதோ ஒரு பழைய மாடிக் கட்டடத்தில்தான் அமைகிறது. வாடகை போக மிச்சமிருப்பதில் வீட்டைச் சரிக்கட்ட வேண்டும். போகும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடியது உங்கள் வேலை; சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருப்பது வீட்டுக்காரரின் வேலை. இந்தக் கணக்கோடு தொடங்குங்கள்.

முதலில் கழிவறை. வெறும் பேப்பரோடு நம்மால் காலந்தள்ள முடியாது. கழுவிக்கொள்ளக் கையில் பிடிக்கும் தண்ணீர் பீச்சி, ஹேண்ட் பிடே என்று கேட்டால் ஹோம் டிப்போவில் கிடைக்கும். பொருத்த பிளம்பர் தேவையில்லை. சுவரோரம் உள்ள தண்ணீர் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலியாக்குங்கள். தொட்டியின் அடியில் குழாய் சேருகிற நட்டைக் கழற்றி, அங்கே டி-வால்வை (தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ வால்வு) திருகுங்கள். பழைய குழாயை அதன் அடியிலும் பிடேயின் ஹோஸைப் பக்கத்திலும் மாட்டுங்கள். ரப்பர் வாஷர் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வெடித்துவிடும், கையால் இறுக்கினாலே போதும். பிறகு சுவர் வால்வைத் திறந்து, மூட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூவைக் கட்டி வையுங்கள். கசிவு இருந்தால் அது நனைந்து காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு தடவையும் கழுவி முடித்ததும் டி-வால்வை மூடுங்கள். மூடாவிட்டால் அந்தச் சின்ன ஹோஸ் நாள் முழுக்கத் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது விட்டுப்போனால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். சுவர் வால்வு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். சூப்பரை, அதாவது கட்டடப் பராமரிப்பாளரை, கூப்பிடுங்கள்.

அடுத்தது குளிர். குளிர்காலத்தில் வீட்டுக்காரர் வெப்பம் தருவதாக இருந்தால் வீட்டை 21 பாகையிலாவது வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரின் விதி. அறைக்குள் ஒரு மலிவான வெப்பமானியை வைத்துப் பாருங்கள். குறைந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அசையாவிட்டால் நகரசபையின் தொலைபேசி எண்ணான 311ஐ அழையுங்கள். இதைச் செய்யாமல் நம் ஆட்கள் மின்சார ஹீட்டர் வாங்கி, பிறகு ஹைட்ரோ (மின்சார) பில்லைப் பார்த்துத் தலையில் கைவைப்பார்கள்.

சூடு வந்தும் ஜன்னலோரம் காற்று ஊசியாகக் குத்தினால், கனடியன் டயர் கடையில் விற்கும் ஜன்னல் பிளாஸ்டிக்கை வாங்கி ஒட்டலாம். ஜன்னல் சட்டத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, மேலே பிளாஸ்டிக்கை விரித்து ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். சுருக்கமெல்லாம் போய்க் கண்ணாடிபோல் இழுபட்டு நிற்கும். வசந்தத்தில் உரிக்கும்போதும் டேப்புக்குச் சூடு காட்டினால் பெயின்ட் பெயராமல் வர வாய்ப்பு அதிகம்.

தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். பேட்டரியைக் கழற்றுவதும் பிளாஸ்டிக் பையால் மூடுவதும் ஒன்டாரியோவில் சட்டவிரோதம், ஆபத்தும்கூட. கடுகு போடுமுன் அடுப்பு மேலுள்ள ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறவுங்கள். ஃபேன் அடியிலிருக்கும் வலையைப் பெரும்பாலும் கழற்ற முடியும். சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் கொஞ்சம் பேக்கிங் சோடாவும் போட்டு ஊறவைத்தால் முந்தைய குடியிருப்பாளரின் எண்ணெயும் சேர்ந்து வெளியேறும்.

தேங்காயெண்ணெயை சிங்கில் ஊற்றாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். குளிரில் குழாய்க்குள் கட்டியாகிவிடும். சட்டியைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். குளியலறையில் முடி அடைத்தால், பல் வைத்த நீளமான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை உள்ளே விட்டு இழுத்தாலே வந்துவிடும். அமிலம் எல்லாம் வேண்டாம்.

இட்லி மா பொங்காத மாதங்களில், ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். சுவிட்சில் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டுங்கள், வேறு யாராவது கேக் செய்யக் கிளம்பிவிடுவார்கள்.

தெருவோரம் வைக்கப்பட்ட மர மேசையை, இடுக்குகளில் பூச்சி இல்லை என்று நன்றாகப் பார்த்து, கழுவி எடுக்கலாம். மெத்தையையும் சோபாவையும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் மிச்சம்பிடித்த காசெல்லாம் அதற்கே போய்விடும்.