வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் அணைந்துபோகிறதா? நான் சரிசெய்த கதை, படிப்படியாக

மாலை ஆறரை மணிக்கு ஆன்லைனில் கணக்குப்பதிவியல் டியூஷன். ஜூமில் பதினோரு பிள்ளைகள். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது திரை கருப்பாகிவிட்டது. எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை, கரண்ட் போன வீடு மாதிரி பொசுக்கென்று அணைந்தது. மறுபடி ஆன் செய்து உள்ளே போனால், "சார், கோவிச்சுக்கிட்டு கட் பண்ணிட்டீங்களோனு நினைச்சோம்" என்றான் ஒருவன்.

முதலில் இலவச ஜூம் கணக்குக்கு இருக்கும் 40 நிமிட வரம்பின் மீது சந்தேகப்பட்டேன். அது மீட்டிங்கைத்தான் முடிக்கும், லேப்டாப்பை அணைக்காது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அப்புறம் மூன்று வாரம் அலைச்சல். தேவையில்லாமல் ஒரு புது சார்ஜர் வாங்கினேன். ஒரு சர்வீஸ் கடையில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போயிடுச்சு" என்றார்கள். கடைசியில் கோளாறு உள்ளங்கை அகலத் தூசியில் இருந்தது. நீங்களும் அந்த மூன்று வாரத்தை வீணடிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னுடையது விண்டோஸ் 11. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதேதான்.

1. எது சாகிறது என்று பாருங்கள்

ஜூம் அல்லது மீட் மட்டும் மூடிக்கொண்டு மற்றதெல்லாம் ஓடினால் அது ஆப்பின் பிரச்சினை. நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும். நீலத்திரை (விண்டோஸ் பெரும் பிழையில் சிக்கினால் எழுத்துகளோடு காட்டும் பிழைத் திரை; புதிய விண்டோஸ் 11-ல் அது கருப்பு நிறம்) வந்து ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர் மீது, அதாவது வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள் மீது, சந்தேகப்படுங்கள். ஒன்றுமே சொல்லாமல் அணைந்தால் சூடு அல்லது மின்சாரம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு யூடியூபில் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்து பார்ப்பதுதான் நாம் எல்லாரும் செய்யும் தவறு.

நீலத்திரை கண்ணில் படும் முன்பே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

2. ஈவென்ட் வியூவர் (நான் சறுக்கிய இடம்)

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) என்று தேடித் திறவுங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' அழுத்தி, எண் கேட்கும் கட்டத்தில் 41, 86, 6008 என்று காற்புள்ளி போட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான வரிகளில் மூழ்கிப்போவீர்கள்.

எனக்கு வரிசையாக 41 வந்தது. பக்கத்தில் 'கெர்னல்-பவர்' என்று சிவப்புக் குறியோடு இருந்தது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் சார்ஜர்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். அங்கேதான் பணம் போனது. 41 என்பது காரணம் அல்ல, இறப்புச் சான்றிதழ். 'போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்று மறுபடி ஆன் ஆன பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவே. எப்படிச் செத்தது என்று அந்தத் தலைப்பில் இருக்காது. 6008-உம் எதிர்பாராமல் அணைந்தது என்று மட்டும் சொல்லும் எண்தான்.

அந்த வரியைச் சொடுக்கி, கீழே 'டீடெய்ல்ஸ்' தாவலுக்குப் போங்கள். 'பக்செக்கோடு' என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யம் என்றால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. சூடு, பேட்டரி, மின்சாரம் பக்கம் போங்கள். வேறு எண் இருந்தால் டிரைவர் அல்லது வன்பொருள் பிழை. ஆனால் அந்த எண்ணை அப்படியே கூகுளில் போடாதீர்கள். இங்கே பதின்ம எண்ணில் இருக்கும், இணையத்தில் எல்லாரும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் பேசுவார்கள். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் மோடுக்குப் போய் 278 என்று தட்டினால் ஹெக்ஸ் வரிசையில் 116 என்று காட்டும். 116 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் தொங்கிப்போனது. வீடியோ காலில் வரும் நீலத்திரைகளில் அடிக்கடி பார்க்கிற எண் அது.

அதே பக்கத்தில் 'பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்' என்று ஒன்று இருக்கும். அது பூஜ்யமாக இல்லையென்றால் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். திரை உறைந்துபோய் நீங்களே அணைத்திருந்தால், அதை இந்த மர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் 86. அதிகச் சூட்டால் விண்டோஸே அணைத்தால் எழுதும் எண் அது. என் லேப்டாப்பில் ஒரு 86 கூட இல்லை. 'அப்படியானால் சூடு இல்லை' என்று நினைத்தேன். இது இரண்டாவது சறுக்கல். சூடு எல்லை மீறும்போது சில லேப்டாப்களில் விண்டோஸைக் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விண்டோஸுக்கு எழுத நேரமே கிடைக்காது. 86 இருந்தால் சூடு உறுதி. இல்லையென்றால் எதுவும் உறுதி இல்லை.

3. சூட்டைப் பதிவு செய்யுங்கள்

இதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருள்தான் என் தேர்வு. இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. திறக்கும்போது 'சென்சார்ஸ்-ஒன்லி' டிக் செய்யுங்கள். வரும் ஜன்னலின் அடியில் பச்சைக் கூட்டல் குறி போட்ட தாள் மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி, கோப்பை எங்கே சேமிப்பது என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வீடியோ காலில் உட்காருங்கள். அணைந்தபின் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து 'சிபியு பேக்கேஜ்' (புராசசரின் சூடு) நெடுவரிசையின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

என்னுடையது இப்படி முடிந்திருந்தது: 97, 99, 100, 100, 100. அதற்குக் கீழே வெள்ளைக் கட்டங்கள்.

பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அங்கே தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். மதுரையில் ஏப்ரல் மாத மாலை, கட்டிலில் மெத்தைமேல் லேப்டாப், அடிப்பக்கத் துளைகள் முழுக்க அடைப்பு. வேறென்ன ஆகும்?

படம் பார்க்கும்போது ஏன் அணையவில்லை என்று கேட்பீர்கள். படத்துக்கு வீடியோவைப் பிரித்துக் காட்டினால் போதும். வீடியோ காலிலோ உங்கள் முகத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், பதினோரு பேர் முகத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும், பின்னணியை மங்கலாக்கினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் தலையின் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் விடாமல்.

4. திறந்து சுத்தம் செய்வது

வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள். இல்லையென்றால்: அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடித்தட்டின் ஸ்க்ரூக்களை எடுங்கள். எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி ஒயரைப் பிடுங்குவது.

வெளியிலிருந்து ஊதினால் போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. ஃபேனுக்கும் அதை அடுத்த செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் பட்டை படுத்திருந்தது. ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது முழுசாக, ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது அசைந்து கொடுத்திருக்காது. பிரஷ்ஷால் தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விடாதீர்கள்.

சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன். பழையது சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு அரிசி அளவு வைத்தால் போதும். லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேடை முதலில் வாங்காதீர்கள். உள்ளே அடைப்பு இருக்கும்வரை அது வெறும் மின்விசிறி.

5. செட்டிங்ஸ்

பின்னணி மங்கலை அணையுங்கள், எச்டி வீடியோவை அணையுங்கள், எல்லார் முகமும் தெரியும் கேலரியை விட்டு ஸ்பீக்கர் பார்வைக்கு மாறுங்கள். கன்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில் 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' என்பதை 99 சதவீதம் ஆக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். சுத்தம் செய்ததும் இதுவும் சேர்ந்து என்னுடையது இப்போது வகுப்பு முழுக்க 75 டிகிரிக்குள் நிற்கிறது. வேகக் குறைவு எனக்குத் தெரியவே இல்லை.

'ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துவிடு' என்று ஊரே சொல்லும். நீலத்திரையில் 116 வந்தால் செய்து பாருங்கள், பலன் இருக்கும். சூட்டுக்காகச் செய்தால் நிலைமை மோசமாகலாம், ஏனென்றால் கிராஃபிக்ஸ் பகுதி செய்த வேலை மொத்தமும் சிபியுவின் தலையில் விழுகிறது. எனக்கு 25 நிமிடத்தில் அணைந்தது 15 நிமிடத்தில் அணைந்தது.

கிராஃபிக்ஸ் டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்' என்று வரும் மென்பொருட்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

பின்சேர்க்கை: 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' வரியே இல்லை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் அது மறைக்கப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் ஆப்பில் 'சைலன்ட்' அல்லது 'கொயட்' மாதிரி ஒரு நிலை இருக்கும், அதைப் போடுங்கள்.

இன்னொன்று: சார்ஜர் போட்டிருந்தால் ஓடுகிறது, கழற்றினால் வீடியோ காலில் அணைகிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அது சூடு இல்லை, பேட்டரி. மங்கலான வெளிச்சத்தில் டைப் அடிக்கும்வரை தாங்கும், வீடியோ கால் கேட்கும் மின்சாரத்தைத் தேய்ந்த பேட்டரியால் தர முடியாது. அவர் அடுத்து எழுதியதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது: டச்பேட் கொஞ்ச நாளாக மேலே எழும்பி இருக்கிறதாம். அப்படி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே திறக்கவும் வேண்டாம். அணைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.