கரிமருந்து ரைஃபிளில் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்களா?

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் ரைஃபிளுக்கு அமெரிக்காவில் இன்றும் ஆர்வலர்கள் உண்டு. இந்தியானா மாநிலத்தில் பிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இதற்கென்றே தேசியப் போட்டி நடக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் செலவைக் குறைக்கப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் மருந்தில் தாராளமாக இருந்துவிட்டு, குண்டைச் சுற்றிப் போடும் துணியில் போய்ச் சிக்கனம் பிடிப்பார்கள்.

ஒரு பவுண்டு மருந்து 7000 கிரெய்ன். 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம் உள்ள ரைஃபிளில் தடவைக்கு 100 கிரெய்ன் போட்டால் 70 முறை சுடலாம். 50 போட்டால் 140 முறை. 50 கஜத்தில் குறி அட்டையைத் துளைக்க 50 கிரெய்ன் தாராளம். பல ரைஃபிள்களில் குறைந்த அளவில்தான் குண்டுகள் நெருக்கமாகவும் விழும். காலிபர் எண்ணான 50-ஐயே தொடக்க அளவாக வைத்து, ஐந்தைந்து கிரெய்னாகக் கூட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மருந்தையும் துணியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எதனால் குறி கூடியது என்று தெரியாமல் போகும்.

குண்டைச் சுற்றும் துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த பழைய சட்டை உருகிக் குழலில் ஒட்டும். சுட்டபின் முன்னால் தள்ளி விழுந்து கிடக்கும் துணியை எடுத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் கருகி, நடுவில் முழுசாக இருந்தால் சரி. கிழிந்திருந்தாலோ பொசுங்கி ஓட்டையாகியிருந்தாலோ, துணி மெலிசு அல்லது எண்ணெய்ப்பசை போதவில்லை. மருந்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

உண்மையான மிச்சம், குண்டைச் சொந்தமாக வார்ப்பதில் இருக்கிறது. அதற்கு மிருதுவான, கலப்பில்லாத ஈயம் வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று கார் சக்கரத்தில் வைக்கும் பழைய எடைக்கட்டிகளை உருக்காதீர்கள். ஆன்டிமனி கலந்த அந்த ஈயம் இறுகிப்போய், குழலில் இறங்க மறுக்கும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில்தான் வார்க்க வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும், இன்றைய தோட்டாக்களுக்கான புகையில்லா மருந்தை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். குழல் வெடிக்கும், கை போகும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவதும் தவறு. அது கரிமருந்தைவிட லேசானது, கொள்ளளவில்தான் அளக்க வேண்டும். நிறுத்தால் அளவு கூடிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று, குண்டைக் குழலுக்குள் தள்ளும் திணிகோலில் போட்ட கோடு. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று காட்டும் அடையாளம் அது. மருந்தைக் குறைத்ததும் குண்டு இன்னும் ஆழம் போக வேண்டும். பழைய கோட்டை நம்பி நிறுத்தினால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழும், குழல் வீங்கவோ வெடிக்கவோ செய்யும். அளவை மாற்றிய அன்றே புதுக் கோடு போட்டுவிட்டு, பழையதைச் சுரண்டிவிடுங்கள்.