மணிக்கட்டின் அளவுக்கே கோத்தால் பிரேஸ்லெட் ஏன் கைக்குப் போதுவதில்லை?

மணி கோக்கப் பழகுபவர்களில் பலர், மணிக்கட்டை இஞ்ச் டேப்பால் அளந்து அதே நீளத்துக்கு மணிகளைக் கோத்து முடிச்சிட்டபின், பிரேஸ்லெட் கையை இறுக்குவதைக் கண்டு தாம் அளந்ததில்தான் பிழை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அளந்தது சரியே, மணியின் பருமனைக் கணக்கில் சேர்க்காததுதான் தவறு. நூல் மணியின் நடுத்துளை வழியே செல்கிறது. கையைத் தொடுவதோ மணியின் உள்விளிம்பு. ஆகவே, மேசைமேல் நேராகக் கிடக்கும் சரத்தை வட்டமாக வளைத்ததும், மணியின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வரும் அளவு உட்சுற்றில் குறைந்துவிடுகிறது. 4 மி.மீ. மணியில் இது ஏறத்தாழ 1.25 செ.மீ., 8 மி.மீ. மணியில் 2.5 செ.மீ., 10 மி.மீ. மணியில் 3.1 செ.மீ.

எந்த மணியானாலும் 2 செ.மீ. கூட்டினால் போதும் என்ற வாய்ப்பாட்டை நம்புவது அடுத்த தவறு. 4 மி.மீ. மணிக்கு அது பொருந்திவிடும், 10 மி.மீ. மணியிலோ உட்சுற்று மணிக்கட்டைவிட 1 செ.மீ. குறைந்து நிற்கும். மணிக்கட்டு 16 செ.மீ. என்றால், 8 மி.மீ. மணிக்கு 2.5 செ.மீ. கூட்டி, கை அசைய முக்கால் செ.மீ. அளவு தளர்ச்சியும் சேர்த்தால் 19.25 செ.மீ. ஆகிறது, அதற்கு 24 மணிகள் தேவை.

எண்ணிக்கையை மாற்ற முடியாத இடத்தில் கணக்கு தலைகீழாகிறது: மணியின் அளவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 108 மணி மாலையின் கால் பங்காகிய 27 மணிகளைக் கொண்டு ருத்ராட்சக் கைமாலை கோப்பவர்கள், கிடைத்த அளவு மணியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதுண்டு. அதே 16 செ.மீ. கைக்கு, இடைவெளியின்றிக் கோத்தால், 6 மி.மீ. மணிகளின் உட்சுற்று 14.3 செ.மீ. என்று பற்றாமல் போகும், 8 மி.மீ. மணிகளில் 19 செ.மீ.க்கு மேலாகித் தொங்கும்; 7 மி.மீ. மணிகள் 16.7 செ.மீ. தந்து இதமாக அமரும். மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தால், முடிச்சு ஒவ்வொன்றும் 1 மி.மீ. என்றாலும் 27 முடிச்சுகள் 2.7 செ.மீ. கூட்டிவிடும் என்பதால் 6 மி.மீ. மணியே பொருந்தக்கூடும். தவிர, ருத்ராட்சம் ஆலையில் வார்த்த உருண்டையன்று. பத்து மணிகளை வரிசையாக வைத்து அளவுகோலால் அளந்து சராசரி காண்பதே நம்பத்தக்கது.

எலாஸ்டிக் நூல்தான் இழுபடுமே என்று குறைத்துக் கோப்பதும் வேண்டாம். மணிகளுக்கிடையே நூல் தெரிவதோடு அது விரைவில் அறுந்தும்போகும். முடிச்சிடுமுன் நூலைச் சிலமுறை இழுத்துவிடாவிட்டால், சரியாகக் கோத்த பிரேஸ்லெட்டும் சில நாட்களில் தளர்ந்துவிடும். கொக்கி வைப்பதானால், கொக்கியும் வளையமும் பிடிக்கும் நீளத்தை அளந்து மொத்தத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும், இறுதி முடிச்சுக்கு முன் நூலின் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் பிடித்து, சரத்தைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டால், ஒரு மணியைக் கூட்டவோ குறைக்கவோ அப்போதும் இடமிருக்கும்.