எண் தெரியாத லாக்கர்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கேரளத்தின் இடுக்கி மலையில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களின் வீடுகளில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று கிடப்பது சகஜம். பட்டயம் (நிலத்துக்கு அரசு தந்த உரிமைப் பத்திரம்), நகை, ஏலக்காய் விற்ற பணம் எல்லாம் அதற்குள்தான். அதைத் திறக்கும் எண், வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் காலமான பதினாறாம் நாள் முடிந்ததும் பெட்டி முன்னால் கூட்டம் கூடும். ஒருவர் சுத்தியல் தேடுவார், இன்னொருவர் மலைக்குக் கீழே கம்பம் ஊரிலுள்ள வெல்டிங் பட்டறைக்கு போன் போடுவார்.

அந்த போன்தான் பல வீடுகளில் முதல் தவறு. பூட்டில் கை வைக்காத பெட்டியென்றால், விஷயம் தெரிந்த மெக்கானிக் வந்து திறக்க நாலைந்து வழி இருக்கும். நாம் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அதில் ஒன்றை அடைத்துவிடும்.

எண் கையில் இருந்தும் திறக்காத பெட்டிகள் நிறைய. பூட்டு நன்றாகத்தான் இருக்கும், போடும் விதம்தான் தப்பு. மூன்று எண் கொண்ட டயல் பூட்டில் வழக்கமான முறை இது: முதல் எண்ணுக்குக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி, அந்த எண் குறிக்கு நேரே நான்காவது தடவை வரும்போது நிறுத்த வேண்டும். பிறகு முள் சுற்றும் திசையில் இரண்டாவது எண், மூன்றாவது தடவையில். மறுபடி எதிர்த்திசையில் மூன்றாவது எண், இரண்டாவது தடவையில். அப்புறம் முள் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் டயல் நிற்கும், பூட்டு விடும். சில கம்பெனிகளில் திசை தலைகீழாக இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் சறுக்கும் இடம் ‘தடவை’ என்பதுதான். முழுச் சுற்றை எண்ணக் கூடாது, எண் குறிக்கு வரும் தடவையை எண்ண வேண்டும். எண்ணை ஒரு கோடு தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்யவும் கூடாது. உள்ளே இருக்கும் சக்கரங்களின் வரிசை அந்த நொடியே கலைந்துவிடும். முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, டயலைச் சுற்றியுள்ள வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பல பூட்டுகளில் இரண்டு குறிகள் இருக்கும். உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில் இருப்பது திறப்பதற்கு. அதற்குச் சற்று இடப்பக்கம் இருப்பது எண்ணை மாற்றும்போது மட்டும் பயன்படுவது. அழுக்கேறி உச்சிக் குறி மங்கிப்போன பெட்டிகளில், பளிச்சென்று தெரியும் இடப்பக்கக் குறிக்கு நேராக மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சரியான எண்தான், ஆனால் சாகும்வரை சுற்றினாலும் திறக்காது.

குறியும் திசையும் சரியாக இருந்தும் விடவில்லை என்றால், மூன்று எண்ணையும் ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் போட்டுப் பாருங்கள். தேய்ந்த பூட்டுகளில் எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து இழுத்தபடியே டயலைச் சுற்றுவது அடுத்த தப்பு. தாழ்கள் பூட்டை அழுத்திக்கொண்டிருந்தால் எண் சரியாக இருந்தாலும் பூட்டு நகராது. பெட்டிக்குள் கணக்கு நோட்டும் துணி மூட்டையும் பிதுங்கப் பிதுங்கத் திணித்து மூடியிருந்தாலும் இதே கதைதான். கைப்பிடியை மூடும் பக்கமாகவே கொஞ்சம் அழுத்தி, கதவை முழங்காலால் உள்ளே தள்ளிக்கொண்டு, பிறகு எண்ணைப் போடச் சொல்லுங்கள். ‘பூட்டு செத்துப்போச்சு’ என்று கைவிட்ட பெட்டி இதில் திறந்துகொள்வது உண்டு.

டயல் இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவது நம் பக்கத்து வியாதி. கீழே கம்பத்தில் பரவாயில்லை என்று தோன்றும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதை மலை மேல் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மார்கழிக் குளிரில் குளியலறையில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. அந்த எண்ணெய் சக்கரங்களுக்கு இடையே போனால் ஒரு சக்கரம் நகரும்போது பக்கத்துச் சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கடையில் விற்கும் துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது உள்ளே இருக்கும் பழைய கிரீஸைக் கரைத்து, தூசியோடு சேர்த்துப் பசையாக்கிவிடும்.

சரி, எண்ணே தெரியாது என்றால்? நூறு எண் கொண்ட டயலில் மூன்று எண் என்றால் வரக்கூடிய சேர்க்கைகள் பத்து லட்சம். ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்து ராப்பகலாகச் சுற்றினாலும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். பூட்டு ஓரிரு கோடு விட்டுக்கொடுக்கும் என்பதால் இது வெகுவாகக் குறையும், ஆனாலும் ராப்பகலாகப் பல நாள் சுற்ற வேண்டும். ஆகவே டயலை விட்டுவிட்டு, எண்ணை வைத்த மனிதரைத் தேடுங்கள்.

ஏனென்றால் யாரும் சும்மா ஒரு எண்ணை வைப்பதில்லை. அணுகுண்டு வேலை நடந்த காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் சக விஞ்ஞானிகளின் பெட்டிகளைத் திறந்து காட்டி அவர்களைக் கலங்கடித்தார். அவர் திறந்த ஒன்றின் எண் 27-18-28. கணிதத்தில் வரும் ‘இ’ என்ற மாறிலியின் மதிப்பு 2.71828. அவ்வளவு படித்தவர்களே அப்படி என்றால் நம் தாத்தா எம்மாத்திரம்?

நம் பகுதியில் தேடும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திருவிதாங்கூர் காலத்துப் பெரியவர்களுக்குத் தேதி என்றால் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான். ஆங்கில வருஷத்தில் 825 கழியுங்கள்; ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824. 1948 மார்ச்சில் பிறந்தவருக்குக் கொல்லம் 1123. அவர் வைத்த எண்ணில் 48-க்குப் பதில் 23 இருக்கலாம். 1924 ஜூலை வெள்ளத்தை இன்றும் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள், அது கொல்லம் 1099-இல் வந்ததால். பேரன்கள் ஆங்கிலப் பிறந்த தேதிகளையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். “ஏம்பா, உங்க தாத்தா இங்கிலீஷ் மாசத்துல என்னைக்குடா பேசினாரு?” என்று பாட்டி கேட்ட பிறகுதான் உறைக்கும்.

பேரேட்டின் கடைசிப் பக்கம், பஞ்சாங்கத்தின் உள் அட்டை, சாமி படத்தின் பின்புறம், பீரோ கதவின் உட்பக்கம் எல்லாம் பாருங்கள். யாருடையது என்று தெரியாத, ஆறே இலக்கமுள்ள ‘போன் நம்பர்’ ஏதாவது எழுதியிருந்தால் அதை இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது கம்பெனி வைத்திருந்த எண்ணை மாற்றவே இல்லையோ என்ற சந்தேகம் இருந்தால், பெட்டியின் கம்பெனிக்கு வரிசை எண்ணைச் சொல்லி, வாங்கிய பில்லையும் அடையாளத்தையும் காட்டிக் கேட்கலாம்.

பட்டன் வைத்த எலக்ட்ரானிக் பெட்டி என்றால் விஷயம் சின்னது. பேட்டரி தீர்ந்தால் எண் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அழியாது. ஆனால் மலிவான 9 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பட்டன் சத்தம் கேட்கும், தாழை நகர்த்தத் தெம்பு இருக்காது. புதிய ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். பல மாடல்களில் நான்கு தடவை தப்பாக அழுத்தினால் ஐந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் மறுபடி மறுபடி அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இனி சுத்தியலுக்கு வருவோம். டயலைத் தட்டி எடுத்துவிட்டு அதன் தண்டை உளியால் உள்ளே அடித்தால் திறந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். நல்ல பெட்டிகளில் அதற்கென்றே ‘ரீலாக்கர்’ என்ற ஸ்பிரிங் தாழ் காத்துக்கொண்டிருக்கும். பூட்டின் பின்மூடி பெயர்ந்ததும் அது தெறித்து, கதவை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் சரியான எண் கிடைத்தாலும் பயனில்லை. டிரில் விஷயமும் அப்படியே. தெரிந்தவர் அந்த மாடலுக்குரிய இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டு வேலையை முடித்து, ஓட்டையை அடைத்துத் தந்துவிடுவார். நாம் போட்டால் கடினத் தகட்டில் பிட் மழுங்கும், இல்லாவிட்டால் பூட்டையே குத்திக் கெடுப்போம்.

கேஸ் கட்டிங்கை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். தீ தாங்கும் பெட்டிகள் காகிதத்தைக் காக்க உள்வெப்பத்தை 177 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அசிட்டிலீன் சுடர் 3,000 டிகிரியைத் தாண்டும். தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும், அதனால் நகை தப்பிக்கலாம். பட்டயம்? கதவைத் திறந்தால் கரித்தூள்தான் மிஞ்சும். இடுக்கிப் பக்கம் பட்டயத்துக்காக எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்று தெரிந்தவர் அதைச் செய்யமாட்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது, உங்களிடம் அடையாள அட்டையும் பெட்டி உங்களுடையது என்பதற்கான ஆதாரமும் கேட்காமல் வேலையைத் தொடங்குபவரை நம்பாதீர்கள். உங்களைக் கேட்காதவர் நாளை வேறு யாரையும் கேட்கமாட்டார். காலமானவரின் பெட்டி என்றால் வாரிசுகள் எல்லாரும் வரும் நாளில் திறங்கள். சித்தப்பா சென்னையிலிருந்து வரட்டும், அத்தை வரட்டும். திறப்பதை வீடியோ எடுத்து, உள்ளே இருந்ததை அங்கேயே பட்டியல் போட்டு, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை என்றால் வாரிசுச் சான்று கைக்கு வரும்வரை பெட்டி அப்படியே கிடக்கட்டும்.

திறந்த சந்தோஷத்தில் கதவை மறுபடி சாத்தாதீர்கள். புது எண் வைக்கும்போது, பல மூன்று எண் பூட்டுகளில் கடைசி எண் 0-விலிருந்து 20-க்குள் வரக் கூடாது என்பதைக் கவனியுங்கள். வைத்த பிறகு, கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பித் தாழ்களை வெளியே தள்ளி, பூட்டி, எண்ணைப் போட்டுப் பாருங்கள். மூன்று தடவையும் விட வேண்டும். வீட்டில் இன்னொருவரையும் போடச் சொல்லுங்கள். அவருக்கும் மூன்று தடவை விட்டால் கதவைச் சாத்தலாம்.